நூலாசிரியரும் பள்ளியாசிரியரும்

தமிழில் 'ஆசிரியர்' என்னும் சொல் இருவரைக் குறிக்கும். நூலை யாத்தவரும் ஆசிரியர். அந்நூலைப் பயிற்றுபவரும் ஆசிரியர். பவணந்தி முனிவர் இவ்விருவருக்கும் தம் நன்னூலின் பாயிரத்திலேயே இடம் ஒதுக்கினார். பொதுப்பாயிரத்தில் பாடஞ்சொல்லும் ஆசிரியரின் இலக்கணமும் மாணாக்கரின் இலக்கணமும் பேசப்படுகின்றன. சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டிய எட்டுச் செய்திகளை அடுக்கும்போது ஆக்கியோன் பெயர் முதலில் வைக்கப்படுகிறது. கேட்போரும் பயனும் இறுதியில் வருகின்றனர். படைத்தவன் பெயரில் தொடங்கிப் படிப்பவன் பயனில் முடியும் இவ்வரிசை, எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க் கல்வி ஏற்றுக்கொண்ட வரிசையாகும்.

அவ்வரிசை இன்றைய வகுப்பறையில் எந்நிலையில் உள்ளது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நகற்பொறி இல்லாத பள்ளி இல்லை. ஒரு சிறுகதையை நாற்பது மாணவருக்குப் படியெடுத்துக் கொடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஒரு முழு நூலைக் கைப்பேசியில் படம்பிடித்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்ப அதனினும் குறைந்த உழைப்பே வேண்டும். கேட்போரும் பயனும் பெருகிவிட்ட இக்காலத்தில், முதலில் நிற்க வேண்டிய ஆக்கியோன் பெயர் முதலில் உதிர்ந்துபோகிறது. பதிப்புரிமை உள்ள படைப்புகளை வகுப்பறையில் எவ்வளவு, எவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் வினா, சட்ட வல்லுநர்க்கு மட்டும் உரிய வினா அன்று. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தமிழ் இலக்கியம் தொடர்ந்து எழுதப்படுமா என்பதோடு பிணைந்த வினா அது.

எடுத்தாளுதல் காத்த இலக்கியம்

பிறர் படைப்பை எடுத்தாளுவதே குற்றம் என்று கருதுவோர் தமிழ் இலக்கிய வரலாற்றை மறந்தவராவர். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் தம் விளக்கங்களிடையே காட்டிய மேற்கோள்களாலும், புறத்திரட்டு என்னும் தொகை நூலாலுமே அவற்றின் சில பாடல்கள் இன்று வாழ்கின்றன. முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்களைக் காத்துத் தந்ததும் அப்புறத்திரட்டே. பாடஞ்சொல்லும் பொருட்டு ஒருவர் எடுத்துக்காட்டிய பகுதி, மூல நூல் அழிந்த பின்னும் அதற்கு உயிர் கொடுத்தது. கற்பித்தலுக்காக எடுத்தாளுதல் இலக்கியத்திற்குப் பகையன்று, அரணே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும் இதே வரலாற்றுக்கு மற்றொரு பக்கம் உண்டு. மூவேந்தரைப் பாடிய முத்தொள்ளாயிரப் புலவரின் பெயர் இன்று எவர்க்கும் தெரியாது. பாட்டு வாழ்கிறது; பாடியவர் மறைந்தார். சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்கள் இவ்வகையில் காட்டிய அக்கறை வியக்கத்தக்கது. இயற்பெயர் தெரியாத புலவர் சிலரையும் அவர்கள் பெயரின்றி விடவில்லை. அவர்களுடைய பாட்டிலுள்ள அழகிய தொடரையே அவர்களுக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அவ்வாறு அமைந்ததே. பெயர் அறிய வழியில்லாத காலத்தில் பெயரைப் படைத்தேனும் வழங்கிய மரபு அது. நூலின் அட்டையிலேயே பெயர் அச்சிடப்பட்டிருக்கும் இக்காலத்தில், அதனை விட்டுவிட்டுக் கதையை மட்டும் நகலெடுப்பது அம்மரபுக்கு இழுக்காகும்.

பாட்டு யாருக்கு உரியது?

பண்டைக் காலத்தில் புலவனுக்குப் பரிசில் இருந்தது, பதிப்புரிமை இல்லை. அச்சு இயந்திரமும் புத்தக வாணிகமும் வந்தபின் படைப்பு ஓர் உடைமையாயிற்று. உடைமை கைமாறும், கைமாறினால் மக்களுக்கும் பாட்டுக்கும் இடையே ஒரு சுவர் எழவும் கூடும். பாரதியார் பாடல்களின் வரலாறு இதனை விளக்கும். 1921இல் பாரதியார் மறைந்தபின் அவர் நூல்களின் உரிமை ஒருபுறமும், இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமைகள் மற்றொருபுறமுமாகப் பிரிந்தன. 1940களில் பிந்திய உரிமைகள் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தன. நாடே பாடும் பாட்டை ஒருவர் இசைவு பெற்றே பயன்படுத்த வேண்டும் என்ற நிலையை எழுத்தாளரும் கலைஞரும் எதிர்த்தனர். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றது. 1955இல் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியிலிருந்து, நல்ல பாட்டுக்கு உரிமையே கூடாது என்ற முடிவுக்குச் சிலர் வருவதுண்டு. அது பிழையான முடிவு. பாரதியாரின் குடும்பத்தார்க்கு அரசு பணம் வழங்கிய பின்னரே பாடல்கள் பொதுவாயின. மக்களுக்குப் பாட்டு வேண்டும் என்பதும், படைத்தவன் வழிவந்தோர்க்கு உரியது சேர வேண்டும் என்பதும் ஒருங்கே நிறைவேறின. இவ்விரு நோக்கங்களையும் ஒரு துலாக்கோலில் வைத்து நிறுப்பதே 'நியாயமான பயன்பாடு' என்னும் கோட்பாடு.

பள்ளி நூலால் பிறந்த கோட்பாடு

இக்கோட்பாட்டின் வேர்களுள் ஒன்று பள்ளி மாணவர்க்கென எழுதப்பட்ட ஒரு நூலில் இருப்பது பலரும் அறியாத செய்தி. அமெரிக்காவில் ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்பவர் ஜார்ஜ் வாசிங்டனின் கடிதங்களையும் எழுத்துகளையும் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். சார்லஸ் அப்பம் என்னும் சமயகுரு, பள்ளி நூலகங்களுக்கென வாசிங்டனின் வாழ்க்கையை 866 பக்கங்களில் எழுதினார். அவற்றுள் 353 பக்கங்கள் ஸ்பார்க்ஸின் நூலிலிருந்து அவ்வாறே எடுக்கப்பட்டவை. 1841இல் வழக்கை உசாவிய நீதியரசர் ஜோசப் ஸ்டோரி, அந்நூலின் கல்விப் பயனை மதித்தும், வருத்தத்தோடும், உரிமை மீறப்பட்டது என்றே தீர்ப்பளித்தார். எடுத்தவற்றின் இயல்பு யாது, அளவும் மதிப்பும் எவ்வளவு, மூல நூலின் விற்பனைக்கு எத்துணைக் கேடு என அவர் எழுப்பிய வினாக்களே, 1976ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தில் நான்கு அளவுகோல்களாக அமைந்தன.

அந்நான்கும் இவை: பயன்படுத்தும் நோக்கம் யாது, பயன்படுத்தப்படும் படைப்பின் இயல்பு யாது, எடுத்த பகுதியின் அளவும் முதன்மையும் எத்தகையவை, மூலப் படைப்பின் சந்தைக்கு நேரும் விளைவு யாது. இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்புக் கூறாது. கல்வி என்ற சொல்லைச் சொன்ன அளவில் எல்லாக் கதவுகளும் திறந்துவிடா என்பதே 1841ஆம் ஆண்டுத் தீர்ப்பின் படிப்பினை.

இரு நாட்டுச் சட்டங்கள்

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 2012இல் அது திருத்தப்பட்டபோது மேற்கண்ட நான்கு அளவுகோல்களும் அதனுள் இடம்பெற்றன. ஆராய்ச்சி, தனிப்பட்ட கல்வி, திறனாய்வு, மதிப்புரை, செய்தி ஆகியவை நியாயமான பயன்பாட்டு நோக்கங்களுக்கு எடுத்துக்காட்டுகளாகச் சுட்டப்பட்டன. கற்பித்தலில் ஒரு கருத்தை விளக்கும்பொருட்டுப் படைப்பைச் சேர்த்துக்கொள்ளவும் அச்சட்டம் இடந்தருகிறது. ஆனால் அது நேர்மையான வழக்கத்திற்கு உட்பட்டிருக்க வேண்டும், எடுக்கப்பட்ட மூலமும் படைத்தவர் பெயரும் குறிக்கப்பட வேண்டும். தேர்வு வினா அமைக்கவும் இசைவுண்டு. கட்டணம் பெறாத இடத்தில், இலாப நோக்கற்ற நிறுவனம் கல்வி நோக்கத்திற்காக ஒரு படைப்பை நிகழ்த்தவோ திரையிடவோ செய்யலாம்.

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் படைப்புகளை, இலாப நோக்கற்ற பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும் கல்விப் பணிக்குப் பயன்படுத்த அது வழிவகுத்தது. எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்நாளில் எடுக்கப்பட்டது என்பவற்றைக் குறிக்க வேண்டும். அவ்விணையப் பக்கமே உரிமையை மீறியது எனத் தெரியவந்தால் பயன்பாட்டை நிறுத்த வேண்டும். படைத்தவர் தம் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமையையும் அச்சட்டம் உறுதிசெய்தது.

உரிமை நீடிக்கும் காலத்தில் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. படைத்தவர் மறைந்தபின் மலேசியாவில் 50 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்துகள் இரு நாட்டு வகுப்பறைகளிலும் தடையின்றி உலவலாம். 1999இல் மறைந்த சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் கதைகளுக்கு அந்நாட்டில் 2069 முடிய உரிமையுண்டு. 2016இல் மறைந்த ரெ. கார்த்திகேசுவின் படைப்புகளுக்கு மலேசியாவில் 2066 முடிய உரிமையுண்டு. அதாவது, இம்மண்ணைப் பற்றி இம்மண்ணில் எழுதப்பட்ட தமிழ்ப் படைப்புகளில் பெரும்பகுதி இன்னும் உரிமைக் காலத்திற்குள்ளேயே இருக்கிறது.

அச்சமும் அசட்டையும்

இங்குதான் வகுப்பறையின் இரு பிழைகள் வெளிப்படுகின்றன. ஒன்று அச்சம், மற்றொன்று அசட்டை.

அச்சமுடைய ஆசிரியர், உரிமைச் சிக்கலை எண்ணி, உரிமை முடிந்த படைப்புகளுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்கிறார். திருக்குறளும் ஆத்திசூடியும் பாரதியார் பாடலும் போதும் என்று அமைகிறார். அவை வேண்டுவனவே, எனினும் அவற்றோடு நின்றுவிட்டால், தோட்டப்புறத்து வாழ்வும், அடுக்குமாடி வீட்டு வாழ்வும், தன் பாட்டன் பட்ட பாடும் தமிழில் எழுதப்பட்டுள்ளன என்பதை மாணவன் அறியாமலே பள்ளியை விட்டு நீங்குவான். சட்டம் திறந்து வைத்த கதவை ஆசிரியரே சாத்துவதால் நேரும் இழப்பு இது. உள்ளூர்க் கதையொன்றின் ஒரு பகுதியைக் கரும்பலகையில் எழுதி, எழுதியவர் பெயரைச் சொல்லி, அதன் நடையை ஆராய்வதற்கு எச்சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

அசட்டையுடைய ஆசிரியரோ எல்லையே இல்லை என்று கருதுகிறார். ஒரு பள்ளி ஒரு படியை வாங்க, அதிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் பிறக்கின்றன. முதற்பக்கமும் அட்டையும் நகலெடுக்கப்படுவதில்லை; ஆகவே பெயரும் போய்விடுகிறது. அப்படியிலிருந்து மற்றோர் ஆசிரியர் படியெடுக்கிறார். மூன்றாம் கைக்குச் செல்லும்போது அது 'யாரோ எழுதிய கதை' ஆகிவிடுகிறது. கதையைச் சுருக்குவோரும், முடிவை மாற்றுவோரும், மாற்றியதைக் குறிப்பிடாமல் விடுவோரும் உளர். படைத்தவரின் மதிப்புக்கு ஊறு நேரும் வகையில் படைப்பைச் சிதைப்பதை மலேசியச் சட்டம் தனியொரு உரிமை மீறலாகவே கருதுகிறது என்பதை இவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்விரு பிழைகளுக்கும் அடிப்படை ஒன்றே. நான்கு வினாக்களையும் நிறுத்துப் பார்க்க எவரும் முனைவதில்லை.

நான்காம் அளவுகோல்

நான்கனுள் இந்நாட்டுத் தமிழ்ச் சூழலுக்கு மிகவும் நெருங்கியது நான்காவதே. புகழ்பெற்ற திரைப்பாடல் ஒன்றின் சில அடிகளை எதுகை மோனை விளக்குவதற்காக வகுப்பில் ஒலிக்கச் செய்வதால், அப்பாடலின் விற்பனையில் ஒரு காசும் குறையப்போவதில்லை. ஓர் உள்ளூர் எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்போ முற்றிலும் வேறான நிலையில் இருக்கிறது. அது பெரும்பாலும் சில நூறு படிகளே அச்சாகும். அச்சுக்கூலியை எழுத்தாளரே தருவதும், வெளியீட்டு விழாவில் விற்றவை போக எஞ்சியவை வீட்டு அலமாரியில் தங்குவதும் வழக்கம். அத்தகைய நூலுக்குப் பள்ளியே முதன்மையான சந்தை. மூன்று வகுப்பு மாணவர்க்கு அந்நூல் முழுவதையும் நகலெடுத்துக் கொடுத்தால், அதன் சந்தை ஒரே நாளில் முடிந்துவிடும். அவ்வெழுத்தாளர் அடுத்த நூலை அச்சிடாமற்போனால் அதற்குக் காரணம் வாசகர் இன்மை அன்று. வாசகர் இருந்தும் நூல் விலைபோகாமையே.

அளவைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. சிங்கப்பூரில் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் ஒருவர் படியெடுக்கும்போது, பத்துப் பக்கங்களுக்குக் குறையாத நூலாயின் பத்து விழுக்காடு அல்லது ஓர் இயல் நியாயமான பகுதி எனச் சட்டம் வரையறுக்கிறது. 300 பக்க நாவலுக்கு இது பொருந்தும். 30 பக்கங்களைக் கொண்டு ஒரு நாவலின் நடையை நன்கு விளக்கலாம். பத்து அடிப் புதுக்கவிதைக்கு இக்கணக்கைக் கொண்டுசென்றால் ஓரடியே எஞ்சும். ஓரடியை வைத்துக்கொண்டு கவிதையை எவ்வாறு கற்பிப்பது? கவிதை முழுமையாகவே கற்பிக்கப்பட வேண்டியது. ஆகவே விழுக்காட்டுக் கணக்கு ஒரு துணையே தவிர முடிவன்று. முழுக் கவிதை ஒன்றை எடுப்பவர் நூல் முழுவதையும் எடுத்தவராகார். ஆனால் அந்நூலிலிருந்து வாரம் ஒரு கவிதையாக ஆண்டு முழுவதும் எடுப்பவர், விழுக்காட்டைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து நூலையே எடுத்தவராவார்.

பயிற்சி நூல்களைப் பற்றியும் இங்குக் கூறியாக வேண்டும். பள்ளிக்கு வெளியே விலைக்கு விற்கப்படும் பயிற்சி நூலில் பிறர் கதையையோ கவிதையையோ இசைவின்றிச் சேர்ப்பது, வகுப்பறைப் பயன்பாடு என்னும் போர்வைக்குள் எளிதில் அடங்காது. ஆசிரியர் வகுப்பில் செய்வது கற்பித்தல். அதே பகுதியை அச்சிட்டு விலை குறிப்பது வாணிகம். வகுப்பறைக்கெனத் திரட்டிய பகுதிகளைப் பின்னர் நூலாக்க விரும்பும் ஆசிரியர், அந்நொடியிலேயே தம் நோக்கம் மாறிவிட்டது என்பதை உணர வேண்டும்.

ஏழைப் பள்ளியின் வாதம்

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும். அது எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் வறிய குடும்பத்தினர். நூல்கள் கடையில் கிடைப்பதில்லை. பழைய தொகுப்புகள் மறுபதிப்புக் காண்பதில்லை. நகலெடுக்காவிடில் அம்மாணவர் அக்கதையைப் படிக்கவே முடியாது என்பர். இந்தியாவில் பதிப்பகங்கள் மூன்று, டில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின்மீது 2012இல் தொடுத்த வழக்கையும் சிலர் சுட்டுவர். மாணவர்க்கெனப் பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்ததே அங்கு வழக்காயிற்று. 2016இல் டில்லி உயர்நீதிமன்றம், பாடம் கற்பித்தலுக்குத் தேவையான அளவு படியெடுப்பதை இந்தியச் சட்டம் இசைகிறது என்று கூறியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

அத்தீர்ப்பு கல்விக்குக் கிடைத்த பெரும் வெற்றியே. ஆயினும் அது இந்தியச் சட்டத்தின் சொற்களைக் கொண்டு எழுந்தது. மலேசியாவையோ சிங்கப்பூரையோ கட்டுப்படுத்தாது. அன்றியும் அவ்வழக்கில் எதிர்நின்றவை உலகெங்கும் நூல் விற்கும் பெரும் பதிப்பகங்கள். தம் ஓய்வூதியத்திலிருந்து பணம் எடுத்து நூலச்சிடும் தமிழ் எழுத்தாளரை அவற்றோடு ஒப்பிட்டு, இருவருக்கும் ஒரே அளவுகோல் என்பது நீதியாகாது. கடையில் கிடைக்காத பழைய நூல் வேறு. எழுத்தாளரின் வீட்டில் விற்காமல் கிடக்கும் புதிய நூல் வேறு. முன்னதை நகலெடுப்பவர் அழிவிலிருந்து காக்கிறார். பின்னதை முழுமையாக நகலெடுப்பவர் அழிவை விரைவுபடுத்துகிறார்.

வறுமைக்கு வழி, கேட்பதில் இருக்கிறது. எழுத்தாளரிடம் இசைவு கேட்கும் பழக்கம் தமிழ் வகுப்பறைகளில் அருகியே காணப்படுகிறது. பெரிய பதிப்பகத்திற்கு மடல் எழுதி மறுமொழிக்குக் காத்திருக்கும் தொல்லை இங்கு இல்லை. எழுத்தாளர் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு அளவே தொலைவில் இருக்கிறார். கேட்டால் மறுப்பவர் அரியர். சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகள் 2015இல் மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலக வாரியத்தின்வழிப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும், படைத்தோரின் இசைவு பெற்றே நிகழ்ந்தது. உரிமையை மதிப்பதால் நூல்கள் பூட்டிவைக்கப்படும் என்ற அச்சத்திற்கு அம்முயற்சியே விடையாகும்.

வகுப்பறைக்கு உகந்த வழி

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகள் தெளிவாகின்றன. எடுக்கும் பகுதி கற்பிக்கும் கருத்துக்குத் தேவையான அளவினதாக இருத்தல் வேண்டும். அது அவ்வகுப்பு மாணவரோடு நிற்க வேண்டும். ஆசிரியர் குழுக்களின்வழி நாடெங்கும் பரவலாகாது. சுருக்கினால் சுருக்கப்பட்டது என்றும், மாற்றினால் மாற்றப்பட்டது என்றும் குறித்தல் வேண்டும். நூல் விற்பனையில் இருக்குமாயின், முழுமையாகப் படியெடுப்பதற்கு மாறாகப் பள்ளி நூலகத்திற்குச் சில படிகளேனும் வாங்க வேண்டும். ஐயம் தோன்றினால் எழுத்தாளரைக் கேட்க வேண்டும்.

இவையனைத்திற்கும் முற்பட்ட நெறி ஒன்றுண்டு. எவ்வளவு சிறிய பகுதியாயினும் அதன்மேல் ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் இருத்தல் வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை, இசைவு கேட்கும் காத்திருப்பு இல்லை. ஒரு வரி எழுதினால் போதும். அவ்வொரு வரியே மாணவனுக்கு இரண்டாம் பாடமாகிறது. கதை வானத்திலிருந்து விழுவதன்று, தன்னைப்போல் இவ்வூரில் வாழும் ஒருவர் இரவு விழித்து எழுதியது என அவன் அறிகிறான். தான் எழுதும் கட்டுரையில் பிறர் கருத்தை எடுத்தாளும்போது அவர் பெயரைக் குறிக்கவும் பழகுகிறான். ஆசிரியர் பெயரின்றிக் கொடுத்த படியைப் படித்து வளர்ந்த மாணவன், நாளை பெயரின்றி எடுத்தெழுதினால் அவனைக் கண்டிக்கும் தகுதி ஆசிரியருக்கு எவ்வாறு வரும்?

பதிப்புரிமைக்குக் காலவரை உண்டு. ஐம்பது ஆண்டிலோ எழுபது ஆண்டிலோ அது முடிந்துவிடும். பெயருக்கு உரிய கடப்பாடு அவ்வாறு முடிவதன்று. வகுப்பறையில் ஒரு கதையை மாணவர் கையில் கொடுக்கும் பள்ளியாசிரியர், அந்நொடியில் நூலாசிரியருக்குப் பொறுப்பாளராகிறார். புறத்திரட்டைத் தொகுத்தவர் பாட்டைக் காத்தார். சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்கள் பாட்டோடு பெயரையும் காத்தனர். இந்நாட்டுத் தமிழ் வகுப்பறை இவ்விரண்டாமவர் வழியைப் பின்பற்றுமாயின், எழுதுவோரும் இருப்பர், படிப்போரும் இருப்பர், ஆசிரியர் என்னும் சொல்லின் இரு பொருளும் நிலைபெறும்.